மைனர் கார்டும் கேள்வி ஞானமும்

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில், 1940களின் ஆரம்ப வருஷங்களில், குடும்பத்தைக் காப்பாற்றப் பகலில் வேலைக்குப் போய்க்கொண்டும், இரவில் ஓர் இசைத்தட்டை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு அதிலிருந்த கித்தார் வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாகத் தம் விரல்களுக்கு இறக்கிக்கொண்டும் இருந்த வெஸ் மாண்ட்காமரி என்ற இளைஞருக்கு, மேனாட்டு ஸ்வரலிபியைப் படிக்கத் தெரியாது. பிற்பாடு உலகப் புகழ் அடைந்த காலத்திலும் அதை அவர் கற்றுக்கொள்ளவில்லை. அந்த இசைத்தட்டில் வாசித்திருந்தவர் சார்லி கிறிஸ்டியன். வாத்தியக் கோஷ்டியின் பின்வரிசையில் அமர்ந்து தாளத்துக்குப் பக்கபலமாக மட்டும் இருந்துவந்த கித்தாரை, மின்சாரத்தின் உதவியால், ஸாக்ஸஃபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் சமமாக முன்வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்திய அந்த மேதை, 1939ஆம் ஆண்டு பென்னி குட்மன் என்பவரின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, 1942 மார்ச் மாதத்தில், இருபத்தைந்தே வயதில், க்ஷயரோகத்துக்கு இரையானார். அவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளே மாண்ட்காமரிக்குக் குருவாக அமைந்தன. கிறிஸ்டியனின் ஸோலோக்களை மேடையில் அப்படியே வாசித்துவிட்டு, அவை தீர்ந்ததும் வாசிக்க வேறொன்றும் இல்லாமல் சும்மா இருந்ததுதான் தம்முடைய ஆரம்பம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படித் தொடங்கியவர் 1960ல் வெளியிட்ட ‘தி இன்கிரெடிபிள் ஜாஸ் கித்தார்’ என்ற இசைத்தட்டை இன்றளவும் கித்தார் பயில்வோர் பாடமாகவே வைத்துக் கேட்டு வருகிறார்கள்.

இந்தச் சரித்திரத்தை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நம்மிடையே கித்தாரைக் கையிலெடுக்கும் இளைஞர்களில், சினிமாப் பாட்டுக்குக் கார்ட் பிடிப்பதோடு திருப்தியடையாமல் ஜாஸ் சங்கீதத்தின் வாசல்வரை வந்துவிட்டவர்கள், மைனர் கார்டின்மேல் மனோதர்மமாக வாசிப்பது எப்படி என்று யாரைக் கேட்டாலும், எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும், முதலில் அவர்கள் கையில் திணிக்கப்படுவது ஓர் அட்டவணை: இன்ன கார்டுக்கு இன்ன ஸ்கேல், அந்த ஸ்கேலுக்குக் கித்தாரில் இன்னின்ன இடங்கள், அந்த இடங்களில் விரலை இப்படி ஏற்றி இப்படி இறக்குக. மாதக்கணக்கில் ஏற்றி இறக்கிய பிறகு விரல்கள் ஓடுகின்றன. ஆனால் ஓடுகிற விரல்களிலிருந்து பேச்சு பிறப்பதில்லை. கேட்பவர் மனத்தில் தங்கும்படியான ஒரு பிரயோகம், ஆரம்பமும் போக்கும் முடிவும் உள்ள ஒரு வாக்கியம், அந்த அட்டவணையிலிருந்து எழுவதேயில்லை. குறை மாணாக்கனுடைய சிரத்தையிலும் இல்லை, திறமையிலும் இல்லை; பின்னால் வரவேண்டியதை முன்னால் வைத்துக் கற்பிக்கும் முறையில் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். காது முதலில் வேலை செய்ய வேண்டும். ஆராய்ச்சி அதன் பின்னே வர வேண்டும். அப்படி வரும் ஆராய்ச்சியும், ஒரு ஸ்வரத்துக்குப் பெயர் என்ன என்று கேட்பதோடு நில்லாமல், அது தாளத்தில் எந்த இடத்தில் விழுகிறது, எந்த ஸ்வரத்தை நாடிப் போகிறது என்று கேட்க வேண்டும்.

மேஜர் கார்டை விட்டுவிட்டு மைனர் கார்டை நான் எடுத்துக்கொண்டது தற்செயலன்று. ஷட்ஜமும் சாதாரண காந்தாரமும் பஞ்சமமும் ஒரே சமயத்தில் ஒலித்தால் அது மைனர் கார்ட். இந்த மூன்றும் நிலைத்தவை. இவற்றுக்கு மேலே உள்ள தைவதமும் நிஷாதமுமோ, ஜாஸ் சங்கீதத்தில், வாசிப்பவனுடைய தீர்மானத்துக்கு விடப்பட்டவை. மேனாட்டார் இயற்கை மைனர், ஹார்மோனிக் மைனர், டோரியன், மெலாடிக் மைனர் என்று நான்கு பெயர்களால் நான்கு ஸ்கேல்களைப் பிரித்துச் சொல்வார்கள். மெலாடிக் மைனரில் ஆரோகணத்து உருவத்தையே ஜாஸ்காரர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் கையாளுகிறார்கள். நம் 72 மேளகர்த்தாக்களின் சக்கரங்களில் நான்காவதாகிய வேத சக்கரத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்த நான்கும் புதியவை அல்ல. 20ஆவது மேளமாகிய நடபைரவி, 21ஆவது கீரவாணி, 22ஆவது கரஹரப்பிரியா, 23ஆவது கௌரிமனோகரி என்று அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் நான்கு மேளங்களின் ஸ்வரங்களே அவை. நான்குக்கும் ரிஷபம் ஒன்று, காந்தாரம் ஒன்று, மத்தியமம் ஒன்று. தைவத நிஷாதங்களில் மட்டும் வேற்றுமை. இந்த ஒற்றுமை எலும்புக்கூட்டின் ஒற்றுமையே என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். கரஹரப்பிரியாவின் காந்தாரத்துக்கு நம்மவர் கொடுக்கும் அசைவு அதற்கு உயிர், டோரியனுக்கு அந்த அசைவும் இல்லை, அதை அது வேண்டுவதும் இல்லை. ஆயினும் இரண்டு சங்கீதத்துக்கும் நடுவே ஒரு பாலம் போட இந்த எலும்புக்கூடு போதுமானது. ஜான் மக்லாஃப்ளின் என்ற ஆங்கிலேய ஜாஸ் கித்தார் வித்துவான், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்று, பிறகு விக்கு விநாயக்ராம், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோரோடு ‘சக்தி’ குழுவை அமைத்தார் என்பது சங்கீத ரசிகர்கள் அறிந்ததே.

நம் வித்துவான் கரஹரப்பிரியாவை எடுத்துக்கொண்டால், அதை விட்டு வெளியே போகாமல் அதற்குள்ளேயே ஆழ்வது அவருடைய தர்மம். ஜாஸ் கித்தார்காரனுடைய தர்மம் வேறு. நான்கு பார்களுக்குள், அதாவது நான்கு தாளச் சுற்றுகளுக்குள், நான்கு மேளங்களையும் தொட்டுவிட்டு வீடு திரும்புவது அவனுக்குச் சர்வசாதாரணம். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் 1937ல் இசையமைத்த ‘மை ஃபன்னி வாலண்டைன்’ என்ற பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். மேலே மெட்டு நடந்துகொண்டிருக்கையில், அடியில் மைனர் கார்டுக்குள்ளிருந்து ஒரு குரல் மெல்ல இறங்குகிறது: மேல் ஷட்ஜம், காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், அப்புறம் சுத்த தைவதம். ஷட்ஜமும் காந்தாரமும் பஞ்சமமும் அசையாமல் நிற்க, இந்த ஒரு குரல் மட்டும் அரை அரை ஸ்வரமாகப் படியிறங்கும்போது, கார்டின் நிறம் ஒவ்வொரு படியிலும் மாறுகிறது. மைனர் கார்டைப் பற்றி அட்டவணை சொல்லித்தராத ரகசியம் இந்த இறக்கத்தில் இருக்கிறது. தைவத நிஷாதங்களில் எது சரி என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. எதற்குப் பின் எது வருகிறது என்பதே கேள்வி. கித்தாரில் முதல் பாடமாக இதைத்தான் வைப்பேன். சி மைனர் கார்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு, ஒரே தந்தியில் இந்த ஐந்து ஸ்வரங்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, இறக்கும்போதே வாயாலும் பாடிப் பாருங்கள். ஒரு மைனர் கார்டுக்குள் எத்தனை மைனர்கள் குடியிருக்கின்றன என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும்.

கார்டுக்கு ஸ்கேலைப் பொருத்திப் பார்க்கும் சாஸ்திரத்தை நான் இகழவில்லை. ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற அறிஞர் 1953ல் வெளியிட்ட நூலில் தொடங்கி, அமெரிக்க ஜாஸ் கல்லூரிகளின் வழியாகவும், ஜேமி ஏபர்ஸோல்டு என்பவர் 1967 முதல் வெளியிட்டுவந்த, பக்கவாத்தியத்தை மட்டும் பதிவுசெய்து கூடவே வாசித்துப் பழகுவதற்குத் தந்த இசைத்தட்டுகளின் வழியாகவும் அது உலகமெங்கும் பரவிற்று. நல்ல சங்கீதக்காரர்கள் அக்கம்பக்கத்தில் கிடைக்காத ஊர்களில் தனியாக உட்கார்ந்து பழகிய எத்தனையோ பேருக்கு அந்த இசைத்தட்டுகள் பெரிய உபகாரம் செய்திருக்கின்றன. ஆனால் கிறிஸ்டியனும், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கித்தார் வித்துவானும் அந்தச் சாஸ்திரம் பிறப்பதற்கு முன்பே வாசித்தவர்கள். 1937ல் பாரீஸில் ஜாங்கோ பதிவுசெய்த ‘மைனர் ஸ்விங்’ என்ற உருப்படி ஏ மைனர், டி மைனர், ஈ செவன் என்ற மூன்று கார்டுகளின்மேல் பெரும்பாலும் நிற்பது. அதன் மெட்டே கார்டின் ஸ்வரங்களைப் பிரித்துக் கோத்ததுதான். 1928ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றி எரிந்தபோது இடக்கையின் மோதிர விரலும் சிறுவிரலும் பழுதாகிவிட்டன; ஸோலோக்களை அவர் பெரும்பாலும் இரண்டு விரல்களாலேயே வாசித்தார். இரண்டு விரல்காரருக்கு ஸ்கேலை ஒரே இடத்தில் வைத்து ஏற்றி இறக்குவது சௌகரியமன்று. கார்டின் வடிவத்தைப் பற்றிக்கொண்டு தந்தியோடு நெடுக ஓடுவதே சௌகரியம். அவருடைய பிரயோகங்களின் அழகில் ஒரு பாதி அந்தக் கையின் நிர்ப்பந்தத்திலிருந்து வந்தது.

இனி ஒரு பிரயோகத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். பெரியவர்களுடைய ஸோலோ எதிலிருந்தும் எடுக்காமல், பீபாப் என்ற ஜாஸ் பாணியில் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் பொதுச்சொத்தான வழக்குகளைக் கொண்டு நானே கோத்த எளிய உதாரணம் இது. சி மைனருக்கு வந்து சேருவதற்கு முன்பு ஜி செவன் கார்ட் ஒரு பார் நிற்கிறது. சி ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் இது பஞ்சமத்தை ஆதாரமாகக் கொண்ட கார்ட். நாலு அட்சரம் உள்ள அந்தப் பாரில், அட்சரத்துக்கு இரண்டாக எட்டு ஸ்வரங்கள். முதல் நான்கும் ஏறுகின்றன: காகலி நிஷாதம், மேல் ரிஷபம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம். அடுத்த நான்கும் இறங்குகின்றன: பஞ்சமம், பிரதி மத்தியமம், சுத்த மத்தியமம், ரிஷபம். அடுத்த பாரின் முதல் அட்சரத்தில், மைனர் கார்ட் ஒலிக்கும் அதே க்ஷணத்தில், சாதாரண காந்தாரம். அவ்வளவுதான்.

அட்டவணைக்காரரிடம் இதைக் காட்டினால், முதல் ஐந்து ஸ்வரங்களும் கீரவாணிக்குள், அதாவது ஹார்மோனிக் மைனருக்குள், அடங்குகின்றன என்று சரியாகவே சொல்வார். ஆறாவதாக வரும் பிரதி மத்தியமத்தில் அவருக்குத் தடுக்கும். அது எந்த மைனரிலும் இல்லை. நம் சங்கீதத்திலோ, இரண்டு மத்தியமங்களையும் இப்படி அடுத்தடுத்துப் பிடிப்பது, அதற்கென்று உரிமை பெற்ற சில ராகங்களைத் தவிர மற்றவற்றில் குற்றம். ஆனால் காது அதைக் குற்றமாகக் கேட்கவில்லை. ஏன் என்பதற்கு விடை ஸ்கேலில் இல்லை, தாளத்தில் இருக்கிறது. மூன்றாவது அட்சரத்தின் தலையில் பஞ்சமம் நிற்கிறது. நான்காவது அட்சரத்தின் தலையில் சுத்த மத்தியமம் நிற்கிறது. இரண்டும் ஜி செவன் கார்டுக்குச் சொந்தமானவை. பிரதி மத்தியமம் இந்த இரண்டுக்கும் நடுவே, அரையிடத்தில், வழிப்போக்கனாக வந்து போகிறது. அதையே அட்சரத்தின் தலையில் நிறுத்தி, மற்றவற்றை அரையிடத்துக்குத் தள்ளி வாசித்துப் பாருங்கள். அதே ஸ்வரங்கள், அதே வரிசை, ஆனால் பிரயோகம் இடறி விழும். கடைசி மூன்று ஸ்வரங்களையும் கவனியுங்கள். காந்தாரத்துக்குப் போகவேண்டியவன் நேரே போகாமல், மேலே மத்தியமத்தைத் தொட்டு, கீழே ரிஷபத்தைத் தொட்டு, இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டு நடுவில் வந்து இறங்குகிறான். மைனர் கார்டை மைனராக்குவதே அந்தக் காந்தாரம்தான். அதன்மேல், அதுவும் பாரின் முதல் அட்சரத்திலேயே வந்து இறங்கும்போது, பக்கவாத்தியம் ஒன்றும் இல்லாமலே கார்ட் மாறியது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல ஜாஸ் ஸோலோவைத் தனியாக, பியானோவும் பாஸும் இல்லாமல் கேட்டாலும் கார்டுகள் கடந்து போவது காதில் விழுகிறது என்று சொல்வதன் தாத்பரியம் இதுதான்.

முதல் நான்கு ஸ்வரங்களில் கித்தாருக்கே உரிய ஒரு விசேஷமும் இருக்கிறது. அவை ஒன்றுக்கொன்று சமதூரத்தில் நிற்பவை. ஆகையால் அந்தக் கைவடிவத்தை அப்படியே மூன்று ஃப்ரெட் மேலே தள்ளினால் அதே நான்கு ஸ்வரங்கள் வேறு வரிசையில் கிடைக்கும். இன்னும் மூன்று தள்ளினால் மறுபடியும் அவையே. பியானோக்காரன் மூளையால் கணக்கிட வேண்டிய இதைக் கித்தார்காரனுடைய கை தானாகவே தெரிந்துகொள்கிறது. இது கித்தாரின் வரம். இதுவே அதன் ஆபத்தும் ஆகும். கைவடிவம் சுலபமாக நகர்வதால் காது தூங்கிப்போகிறது. மேலும் கித்தாரில் ஒரே ஸ்வரம் பல இடங்களில் பேசும். முதல் தந்தியை வெறுமனே மீட்டினால் வருகிற ஸ்வரம், இரண்டாம் தந்தியில் 5ஆவது ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியில் 9ஆவது ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியில் 14ஆவது ஃப்ரெட்டிலும் இருக்கிறது. ஒவ்வோரிடத்திலும் அதற்கு ஒவ்வொரு நாதம். தந்தியையும் ஃப்ரெட்டையும் எண்களால் குறித்து அச்சிட்டு விற்கும் டேப் புத்தகங்களை நான் ஆட்சேபிப்பது இதனால்தான். எந்த இடத்தில் பிடித்தால் அந்த நாதம் வரும் என்று காதால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலையை வேறொருவர் ஊகித்துச் செய்து கொடுத்துவிடுகிறார். மாணாக்கன் எண்களைப் படிக்கிறான், சங்கீதத்தைக் கேட்பதில்லை.

மைனரைப் பற்றிப் பேசும்போது பிலடெல்ஃபியாக்காரரான பாட் மார்ட்டினோவை விட்டுவிட முடியாது. எந்தக் கார்ட் வந்தாலும் அதை ஒரு மைனராக மாற்றி நினைத்துக்கொள்வது அவருடைய வழி. ஜி செவன் வந்தால் டி மைனர் என்று நினைப்பார். சி மேஜர் வந்தால் ஏ மைனர் என்று நினைப்பார். இதன் பயன் பெரிது. சி மைனரின்மேல் நன்றாகப் பழகிய ஒரே பிரயோகம், எஃப் செவன் கார்டின்மேலும் செல்லும், ஈ ஃப்ளாட் மேஜரின்மேலும் செல்லும், பஞ்சமம் அரை ஸ்வரம் குறைந்த ஏ மைனர் செவனின்மேலும் செல்லும். நூறு பிரயோகங்களை ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக மனப்பாடம் செய்பவனைவிட, பத்துப் பிரயோகங்களை நன்றாக அறிந்து, அவற்றை எங்கெங்கே வைத்தால் என்னென்ன நிறம் காட்டும் என்று ஆராய்ந்தவன் அதிக தூரம் போகிறான். ஆராய்ச்சியின் உண்மையான உபயோகம் இது. காதால் பெற்ற பொருளை அது பெருக்கிக் கொடுக்கிறது. பொருளே இல்லாதவனுக்கு அது என்ன செய்யும்?

மார்ட்டினோவின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம் இதனினும் ஆழ்ந்த பாடத்தைத் தருகிறது. மூளையின் இரத்தக் குழாய்களில் இருந்த கோளாறுக்காக 1980ல் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் நினைவு போய்விட்டது. பெற்றோரையே அடையாளம் தெரியவில்லை. கித்தார் வாசித்த ஞாபகமும் இல்லை. இருபது வயதுகளிலேயே பெரும்பெயர் எடுத்திருந்த அந்த மனிதர், தம்முடைய பழைய இசைத்தட்டுகளையே கேட்டுக் கேட்டுச் சிறுகச் சிறுகக் கித்தாரை மீட்டுக்கொண்டு, 1987ல் ‘தி ரிட்டர்ன்’ என்ற இசைத்தட்டின் மூலம் திரும்பி வந்தார். அதன்பின் பல்லாண்டுகள் வாசித்து 2021ல் காலமானார்.  திரும்பி வரும் வழி அவருக்குச் செவி வழியாகவே திறந்தது.

ஒரே மைனர் கார்ட் பல பார்களுக்கு அசையாமல் நிற்கும் உருப்படிகளில் இந்த ஞானத்துக்குப் பெரிய பரீட்சை வருகிறது. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் 1959ல் பதிவுசெய்த ‘ஸோ வாட்’ 32 பார் கொண்டது: முதல் 16 பாரும் டி மைனர், அடுத்த எட்டும் அரை ஸ்வரம் மேலே ஈ ஃப்ளாட் மைனர், கடைசி எட்டும் மறுபடி டி மைனர். அட்டவணைப்படி இதைப்போல் சுலபமான உருப்படி வேறில்லை. ஒரே ஸ்கேலை 16 பாருக்கு வாசித்துக்கொண்டிருக்கலாம். வாசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நாலாவது பாரிலேயே சரக்கு தீர்ந்துபோகும் சங்கடம். தேர்ந்தவர்கள் செய்வது என்னவென்றால், பக்கவாத்தியம் வாசிக்காத ஏ செவன் கார்டை மனத்துக்குள்ளேயே கற்பித்து, அதன் ஸ்வரங்களால் ஓர் இறுக்கத்தை உண்டாக்கி, பிறகு டி மைனரின் காந்தாரத்தில் வந்து தளர்த்துகிறார்கள். இல்லாத கார்ட் இருப்பதுபோலக் கேட்கிறது. மேலே நான் காட்டிய எட்டு ஸ்வரப் பிரயோகத்தை ஒரு ஸ்வரம் மேலே ஏற்றி இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தும்.

இவ்வளவையும் அடைவதற்கு அப்பியாசம் எப்படி அமைய வேண்டும்? சிகாகோவில் பிறந்த லென்னி டிரிஸ்டானோ என்ற பியானோ வித்துவான், கண்பார்வை இல்லாதவர், தம் மாணாக்கர்களுக்கு விதித்த முதல் வேலை வாத்தியத்தைத் தொடாமல் பாடுவது. ஸாக்ஸஃபோன் வித்துவான் லெஸ்டர் யங்கின் ஸோலோ ஒன்றை எடுத்துக்கொண்டு, இசைத்தட்டு ஓடும்போதே கூடப் பாடி, மூச்சு விடும் இடமும் அழுத்தமும் சறுக்கலும் உட்பட அப்படியே வாயில் வந்த பிறகுதான் வாத்தியத்தில் அதைத் தேட அனுமதி. நம் நாட்டில் வீணைக்காரரும் நாதஸ்வரக்காரரும் வாய்ப்பாட்டு தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தியதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. வேகமான பிரயோகம் காதில் பிடிபடாவிட்டால் அந்தக் காலத்தவர் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் சுழற்றினார்கள். அப்போது எல்லா ஸ்வரமும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும், ஆயினும் ஸ்வரப் பெயர் மாறாது. இன்று சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கும் வசதி ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. வசதி பெருகியிருக்க, பழக்கம் குறைந்திருப்பது வருந்தத்தக்கது.

பாடிய பிறகு வாத்தியம். வாத்தியத்தில் வந்த பிறகு எழுத்து. ஸ்வரப்படுத்திய தாளில் கார்டுகளை மேலே குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பாரின் முதல் அட்சரத்திலும் மூன்றாவது அட்சரத்திலும் விழும் ஸ்வரத்தை மட்டும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது கார்டின் காந்தாரமாகவோ நிஷாதமாகவோ இருக்கும். இல்லாத இடங்களில் ஏன் இல்லை என்று யோசிக்கத் தொடங்கும்போதே அந்த வித்துவானுடைய மனம் திறக்கத் தொடங்குகிறது. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் இந்தத் தங்குமிடங்களுக்கு இடையே போகும் வழிகள். இப்படி ஆராய்ந்த ஒரு பிரயோகத்தைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்து, பிறகு அதன் முடிவை மட்டும் மாற்றி, பிறகு ஆரம்பத்தை மட்டும் மாற்றி, பிறகு அரை அட்சரம் தள்ளித் தொடங்கி, அது தன்னுடையதாகும்வரை உருட்டிக்கொண்டே இருப்பதுதான் சாதகம்.

பிறரைப் பார்த்து வாசித்தால் சுயமான கற்பனை மங்கிவிடும் என்று அஞ்சுவோர் சிலர் உண்டு. கிறிஸ்டியனை ஸ்வரம் பிசகாமல் வாசித்த மாண்ட்காமரியைக் கேட்டு, இது கிறிஸ்டியன் என்று யாராவது மயங்கியதுண்டா? அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம் உறுத்தாதிருக்க வேண்டி, மீட்டும் பிளெக்ட்ரத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் தந்தியைத் தடவத் தொடங்கியவர், அந்தக் கட்டைவிரலின் மிருதுவான நாதத்திலேயே தம் சொந்த உலகத்தைக் கண்டுகொண்டார். ‘ஸம்மர்டைம்’ பாட்டின் கார்டுகளை ஒட்டி அவர் இயற்றிய ‘ஃபோர் ஆன் ஸிக்ஸ்’ என்ற ஜி மைனர் உருப்படியில், கிறிஸ்டியனிடம் பெற்றது எது, தாமே கண்டது எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. பிறருடைய பேச்சைக் கேளாமல் மொழி கற்றுக்கொண்ட குழந்தை இல்லை. சங்கீதத்தில் மட்டும் அது எப்படிச் சாத்தியமாகும்?

கற்பதிலும் வாசிப்பதிலும் அவசரமே ஆபத்து என்பதற்கு ஓர் அழகான சாட்சியம் இருக்கிறது. கிராண்ட் கிரீன் என்ற கித்தார் வித்துவான், 1963 நவம்பர் 4ஆம் தேதி, நியூஜெர்ஸியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், பியானோக்காரர் டியூக் பியர்ஸன் இயற்றிய ‘ஐடில் மோமென்ட்ஸ்’ என்ற உருப்படியை வாசித்தார். சி மைனர், மிக மிக விளம்பமான காலம். ஒரு சுற்று எத்தனை பார் என்பதில் வாசித்தவர்களுக்குள் ஒரு குழப்பம் நேர்ந்து, நினைத்ததைப்போல் இருமடங்காக நீண்டு, உருப்படி ஏறக்குறைய 15 நிமிஷம் ஓடிவிட்டது. அதைக் குறுக்கி மறுபடி வாசிக்க மனம் வராமல், அப்படியே வைத்துக்கொண்டு, இசைத்தட்டில் இடம் போதுவதற்காக மற்ற உருப்படிகளில் சிலவற்றையே சில தினங்கள் கழித்துச் சுருக்கி வாசித்தார்கள். அதில் கிரீன் வாசிக்கும் ஸோலோவில் வேக வித்தை ஒன்றும் இல்லை. மைனர் கார்டின் நாலைந்து ஸ்வரங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றைச் சொல்லி, நிறுத்தி, சொன்னதையே சிறிது மாற்றிச் சொல்லி, மறுபடி நிறுத்துகிறார். அவர் நிறுத்தும் இடங்களில் சங்கீதம் நின்றுவிடுவதில்லை. மைனரின் துயரத்தையும் அதில் கலந்திருக்கும் ஆறுதலையும் இவ்வளவு குறைந்த ஸ்வரங்களில் சொன்னவர் கித்தார்காரர்களில் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

கித்தார் பயிலும் இளைஞர்களையும் அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கிரேடு பரீட்சைக்கு ஸ்கேல் வேண்டுமானால் அதற்குரிய நேரத்தை அதற்குக் கொடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு வகுப்பையாவது அட்டவணையையும் டேப் புத்தகத்தையும் மூடிவைத்துவிட்டு, கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள். ‘ஐடில் மோமென்ட்ஸ்’ உருப்படியில் கிரீனுடைய ஸோலோவின் முதல் எட்டு பாரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலப்பிரமாணத்தில் யாருடைய காதுக்கும் அது எட்டாததன்று. ஆசிரியரும் மாணாக்கரும் சேர்ந்து அதை வாயால் பாடுங்கள். பாடம் வந்த பிறகு கித்தாரை எடுங்கள். கையில் வந்த பிறகு தாளையும் பென்சிலையும் எடுங்கள்.